கை கோயிலுக்கு, மிச்சம் வீட்டுக்கு

இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஊர் என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டு மற்ற ஊர்களையெல்லாம் ஊராகவே மதிக்காத அந்தப் பெரிய பட்டணத்திலிருந்து படகில் ஒரு பகல் பயணத்தில், கிருபார் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. அங்கே கல் கிடையாது, உருப்படியான மரம் கிடையாது, மண் மட்டும் வேண்டிய மட்டும் உண்டு, ஆகவே அந்த ஜனங்கள் மண்ணில் வீடு கட்டினார்கள், மண்ணில் எழுதினார்கள், மண்ணையே சுட்டு அரிவாளாக்கிப் பார்லி அறுத்தார்கள், அறுத்ததில் பெரும்பங்கைத் தலையில் சுமந்துகொண்டு போய் நின்கார் என்ற தங்கள் தெய்வத்தின் கோயிலில் கொட்டினார்கள். நின்கார் காலையில் எழுந்து குளித்து உடுத்திக்கொண்டு, இரண்டு வேளையும் ரொட்டியும் ஆட்டுக்கறியும் பார்லிக் கள்ளும் சாப்பிட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கப் போகும். சாப்பிட்டது போக மிச்சத்தைக் கோயில் நிர்வாகி சாப்பிடுவார். அவரைச் சங்கா என்பார்கள். தெய்வம் என்றைக்கும் அதிகம் சாப்பிட்டதில்லை என்பது சங்காவின் தொப்பையைப் பார்த்தாலே தெரியும்.

அந்தத் தெய்வத்தின் சிலையைப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு சண்டையில் தங்கத்துக்காகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், புதிதாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது. இங்கே ஒரு சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மொழியில் சிலை செய்வதற்கென்று தனிச்சொல் கிடையாது, பிள்ளை பெறுவதற்கு என்ன சொல்லோ அதேதான் சிலைக்கும். தூ என்பது அந்தச் சொல், நம் காதுக்குத் துப்புகிற மாதிரி கேட்டாலும் அவர்களுக்கு அது மங்கலமான சொல். தாய் பிள்ளையைப் பெற்றாள், தச்சன் தெய்வத்தைப் பெற்றான், இரண்டும் தூதான், யார் பேசுகிறார் என்று பார்த்து ஜனங்கள் அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு தச்சன் பெற்ற தெய்வத்தின் காலில் எப்படி விழுவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சிலை முடிந்ததும் அதை ஆற்றங்கரைத் தோப்புக்குக் கொண்டுபோய், தேனாலும் நெய்யாலும் அதன் வாயைக் கழுவித் திறந்துவிட்டு, உளிகளையெல்லாம் ஓர் ஆட்டுத்தொடைக்குள் வைத்துத் தைத்து ஆற்றில் எறிந்துவிட்டு, செய்தவர்களை நிறுத்தி மணிக்கட்டில் துணியைக் கட்டி, சிறுசவுக்கு மரத்தில் செதுக்கிய ஒரு மொட்டைக் கத்தியால் அறுப்பது போல ஓர் இழுப்பு இழுப்பார்கள். அவர்கள் அப்போது, ‘இதை நான் பெறவில்லை, தச்சுத் தெய்வம் பெற்றது’ என்று சொல்ல வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பொய் அது. சொல்கிறவன் வாய்க்குள் சிரித்துக்கொள்வான், கேட்கிறவர் கண்டுகொள்ள மாட்டார், பிறகு எல்லோரும் சேர்ந்து கள் குடிக்கப் போவார்கள். பொய்யாக இருந்தவரைக்கும் அந்த வாக்கியம் ஓர் எறும்புக்குக்கூடக் கெடுதல் செய்ததில்லை.

கெடுத்தவன் உர்மேஷ் என்ற தச்சன். கிழக்கே கடலுக்கு அப்பாலிருந்து படகில் வந்த மரத்தில், நம் பக்கத்து மரமாகக்கூட இருக்கலாம், அவன் நின்காரைச் செதுக்கினான், அப்பகல்லா என்ற தட்டான் அதற்குத் தங்கத்தகடு போர்த்தினான். தோப்பில் வாய் கழுவிய அன்றைக்குச் சூரியன் எழும்பி வெளிச்சம் சிலையின் முகத்தில் விழுந்தபோது, உர்மேஷ் அதை முதல் தடவையாகத் தள்ளி நின்று பார்த்தான். பார்த்தவன், இதையா நான் செய்தேன், வாய்ப்பே இல்லை என்று அடிமனத்திலிருந்து நினைத்துவிட்டு, அதே நினைப்போடு வாயைத் திறந்து, “இத நான் பெறல” என்றான். அந்தப் பைத்தியக்காரன் அதை நம்பிச் சொல்லிவிட்டான். சங்கா மரக்கத்தியை ஓர் இழுப்பு இழுத்தார், இரண்டு கைகளும் கீழேயிருந்த செம்புத் தாம்பாளத்தில் விழுந்தன.

ரத்தம் வரவில்லை. மணிக்கட்டுகள் பிசைந்த மாவைக் கிள்ளி எடுத்த இடம் போல மழுங்கி மூடிக்கொண்டன. சங்கா மரக்கத்தியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார்.

“வலிக்குதா?”

“இல்லிங்க சாமி. அரிக்குது.”

“எங்க?”

“வெரல்ல,” என்றான் உர்மேஷ். தாம்பாளத்தில் கிடந்த வலக்கை இடக்கையைச் சொறிந்துவிட்டது.

இதற்காகக் கிருபார் ஜனங்கள் ஓடவுமில்லை, மயங்கி விழவுமில்லை. நின்கார் மனிதன் பெறாத தெய்வம் என்பது நிரூபணமாகிவிட்டது என்று சங்கா அங்கேயே அறிவித்தார், ஜனங்களுக்கு அது உடனே பிடித்துப்போய்விட்டது, ஏனென்றால் ஊர் என்ற அந்தப் பெரிய ஊரின் தெய்வத்தைச் செய்த தச்சர்களெல்லாம் இன்னும் இரண்டு கையோடு கறி தின்றுகொண்டிருந்தார்கள், அப்படியானால் அந்தத் தெய்வம் வெறும் கைவேலைதானே. கைகளைத் தாம்பாளத்தோடு தூக்கி வந்து சந்நிதியில் வைத்து எண்ணெய் தடவி மோதிரம் போட்டார்கள். பக்கத்தில் ஓர் உளியை வைத்தால் அவை எடுத்துக்கொண்டு செதுக்கின, ஊசியை வைத்தால் தைத்தன, எதைக் கொடுத்தாலும் அதற்குரிய வேலையைக் குறையில்லாமல் செய்துவிட்டு விரல்களைக் கோத்துக்கொண்டு ஓய்ந்தன. வெளியூர்களிலிருந்து ஜனங்கள் படகு படகாக வந்து அவற்றின் முன் குழந்தைகளைக் கிடத்தி, தலையில் தொடச் சொல்லி ஆசி வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதில் அகப்பட்டுக்கொண்டவன் தட்டான் அப்பகல்லா. அவனும் அதே தோப்பில் அதே வாக்கியத்தைத்தான் சொன்னான், அதே மரக்கத்திதான் அவன் மணிக்கட்டிலும் இழுபட்டது, ஆனால் அவன் கைகள் அவனிடமே இருந்தன. அதாவது தெய்வத்தின் முன்னால் பொய் சொல்லியிருக்கிறான். முதலில் அவன் பெண்டாட்டி குளத்துக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். பிறகு கோயிலிலிருந்து ஆள் வந்தது. மரக்கத்தி அறுக்காததைச் செம்புக்கத்தி அறுத்துச் சரிபண்ணிவிடும் என்று சங்கா முடிவு சொன்னார். யார் அறுப்பது என்று ஒரு கேள்வி வந்தது, பூசாரிகள் ரத்தத்தைத் தொட்டால் தெய்வத்துக்குப் பரிமாறக் கூடாது, ஆகவே கத்தியைக் கொண்டுபோய்த் தாம்பாளத்தில் வைத்தார்கள். உர்மேஷின் கைகள் அதை எடுத்து, கூர் பார்த்து, சொன்ன வேலையைச் செய்தன. அப்பகல்லா ரத்தம் நிற்காமல் மூன்றாம் நாள் செத்தான். இப்போது எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று ஜனங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள்.

உர்மேஷின் பெண்டாட்டி நின்பந்தா அப்போது உண்டாகியிருந்தாள். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். புருஷனுக்கு ஊட்டிவிட்டாள், கழுவிவிட்டாள், அவனுக்கு மூக்கில் ஈ உட்கார்ந்தால் அடுப்படியிலிருந்து ஓடி வந்து ஓட்டிவிட்டாள், முணுமுணுத்தாளே தவிர அவனைக் கைவிடவில்லை. அந்த ஊரில் உழைக்கிறவர்களுக்குக் கோயில் களஞ்சியத்தில் பார்லி அளப்பார்கள், கையை நீட்டியவருக்குத்தான் அளவு. உர்மேஷுக்கு நீட்டக் கையில்லை, அவன் கைகளோ தாம்பாளத்தில் ஏறி வந்து முதல் ஆளாக வாங்கிக்கொண்டு போயின. நின்பந்தா தன் மிச்ச மனிதனை இழுத்துக்கொண்டு சங்காவிடம் போனாள். அவர் தெய்வத்தின் மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“சாமி, வேலை செய்யறது எங்க வீட்டுக்காரரு கை. அதுக்கு அளக்கற பார்லி எங்க வீட்டுக்குத்தானே வரணும்?”

“அது உங்க வீட்டுக்காரர் கை இல்லம்மா. நான் பெறலன்னு அவரே சொல்லிட்டாரே. அவர் செய்யலன்னா செஞ்ச கை எப்படி அவருது ஆகும்?”

“அப்ப எங்களுக்கு என்னதான் வழி?”

“கை போக மிச்சம் உங்களுதுதான். கூட்டிட்டுப் போய் நல்லா வச்சுக்க.”

மிச்சம் வாசல்படியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. நின்பந்தாவுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது, மேடிடத் தொடங்கிய வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “சரி சாமி, அதை நீங்களே வச்சுக்குங்க. இதோ இதை நான்தான் பெறப்போறேன். இதையும் சாமி பெத்துச்சுன்னு யாராச்சும் வந்து சொல்லட்டும், பாத்துக்கறேன்.”

சங்கா வாயிலிருந்த கறியை மெல்வதை மறந்து அவளையே பார்த்தார். எப்பேர்ப்பட்ட பேச்சைப் பேசிவிட்டோம் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பசி, பேசினாள்.

அதன்பிறகு அந்த வழக்கம் தண்ணீர் வாய்க்காலில் போவது போல ஊருக்குள் தானாகப் போயிற்று. தெய்வத்துக்கு ரொட்டி சுடுகிறவர்கள் ‘இதை நான் பெறவில்லை’ என்று சொல்ல வேண்டும் என்றார்கள், பிறகு தெய்வத்துக்கு நெய்கிற பெண்கள், பிறகு கோயில் சுவருக்குச் செங்கல் அறுக்கிறவர்கள், படகு கட்டுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள். நம்பிச் சொன்னவர்களின் கை மரக்கத்தியில் வலியில்லாமல் விழுந்தது, நம்பாமல் சொன்னவர்களின் கையைச் செம்புக்கத்தி வாங்கிக்கொண்டது, ஆக எப்படிச் சொன்னாலும் கை போயிற்று. ஆனால் ஜனங்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை, ரத்தம் வந்ததா வரவில்லையா என்பதுதான் அவர்களுக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துத் தழும்பில்லாத குடும்பமா என்று விசாரித்தார்கள். ரொட்டி சுடுகிறவர்கள் தாங்கள் சுடவில்லை என்று தங்களுக்கே தோன்ற வேண்டும் என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவு பிசைந்தார்கள், அந்த வருஷம் ரொட்டியெல்லாம் கருகியே வந்தது, நின்கார் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஊரில் கை பஞ்சமாகிவிட்டபோது, சண்டையில் பிடித்து வந்த அடிமைகளை வைத்து வேலை வாங்கினார்கள், அடிமையின் கை எஜமானனுடையது என்பதால் அவன் எதையும் மறுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பூசாரிகளுக்கும் சங்காவுக்கும் கைகள் பத்திரமாக இருந்தன, வாழ்நாளில் ஒன்றையும் அவர்கள் செய்ததில்லை.

சில மாதங்களுக்குள் இத்தனையும் ஆகிவிட்டிருந்தபோது நின்பந்தாவுக்குப் பெண் பிறந்தது. மருத்துவச்சிக்குக் கையில்லை, அவள் வாயால் சொல்லச் சொல்ல நின்பந்தா தானே பெற்று, தானே கொடியை அறுத்து, தானே துடைத்து மாரில் போட்டுக்கொண்டாள். அந்த ஊரில் அந்தப் பிள்ளையைப் போல முழுக்க முழுக்க ஒருத்தியே பெற்ற பிள்ளை வேறில்லை. உர்மேஷ் பக்கத்தில் உட்கார்ந்து மொட்டை மணிக்கட்டுகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“ஒரு தரம் குடுடி.”

“எதுல வாங்குவிங்க?”

“கீழ போட மாட்டேன். சம்மணம் போட்டு உக்காந்துக்கறேன், மடியில வையி.”

அவள் வைத்தாள். பிள்ளை உருண்டு பாயில் விழுந்து வீறிட்டது, உயரம் ஒன்றுமில்லை, இருந்தாலும் அதன்பிறகு அவள் வைக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. தூளியில் தூங்கும் பிள்ளையை அவன் கன்னத்தால் தொட்டுப் பார்ப்பான். தொட்டால் போதவில்லை என்று அவனுக்கு அழுகை வரும், அவன் அழுவதை அவன் பெண்டாட்டி துடைத்துவிடுவாள்.

பிள்ளைக்குக் கழுத்து நிற்பதற்குள் கோயிலிலிருந்து ஆள் வந்தது. சொல் ஒன்றுதான், சிலைக்கும் பிள்ளைக்கும் தூதான், தச்சன் சொன்ன வாக்கியத்தைத் தாயும் சொல்லித்தான் ஆக வேண்டும், அவளே என் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லித் தெய்வத்தைச் சவாலுக்கு அழைத்தவள் என்று சங்கா தீர்ப்பு வைத்துவிட்டார். எதை அறுப்பது என்பதில் மட்டும் பூசாரிகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. கை பிள்ளையைப் பெறவில்லையே என்றார் ஒருவர், முலை என்றார் இன்னொருவர், அது வளர்ப்பது, பெறுவதல்ல என்று மறுத்தார்கள், எல்லோரும் படித்தவர்கள், சொல்லுக்குச் சொல் எடைபோட்டு, தச்சன் பெறுவது கையால், தாய் பெறுவது வயிற்றால், ஆகவே வயிறு என்று கடைசியில் ஒருமனதாக முடிவுக்கு வந்து, களைப்புத் தீரக் கள் குடித்தார்கள். நம்பிச் சொன்னால் மரக்கத்தி பிள்ளையைத் தாயிடமிருந்து அறுத்துவிடும், வலிக்காது, பிள்ளை தெய்வத்துக்கு, தாய் உயிரோடு வீட்டுக்கு. நம்பாமல் சொன்னால் செம்புக்கத்தி.

ஓடிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆற்றில் வெள்ளம், துடுப்புப் போடக் கையுள்ளவன் அடிமைகளைத் தவிர ஊரில் எவனும் இல்லை, அடிமைகளோ எஜமானர்களின் காவலில் இருந்தார்கள்.

“நம்பிச் சொல்லிடு,” என்றான் உர்மேஷ். “எனக்கு வலிக்கவே இல்ல. ஒருநொடிதான். பாத்துப் பிரமிச்சு நின்னியானா அதுவா வரும். இத நானா பெத்தேன்னு தோணும் பாரு, அப்பவே சொல்லிடணும்.”

“அப்புறம் பிள்ள?”

“நீ உயிரோட இருப்ப.”

அவள் நம்பப் பழகினாள். அதைப் போலக் கொடுமையான பழக்கம் ஒன்று இருக்க முடியாது. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பால் கொடுக்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அழுதால், “யாரு பெத்ததோ, இப்படிக் கத்துது,” என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள், பக்கத்து வீட்டுக்காரியும், “ஆமாக்கா, யாரு பெத்ததோ,” என்று ஒத்துப் பாடினாள், எல்லோருக்கும் அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. போகப் போக அது வந்துவிட்டது. கோயிலுக்குப் போக வேண்டிய நாள் காலையில் தூளியைப் பார்த்தவளுக்கு அதில் கிடப்பது யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளையாகவே தெரிந்தது. உர்மேஷ் அவள் முகத்தைப் பார்த்தான், இனி இவள் பிழைத்துவிடுவாள் என்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

கோயில் மேடையில் நின்கார் தங்க முகத்தோடு வீற்றிருந்தது, பக்கத்தில் தாம்பாளத்தில் கைகள், முன்னால் இரண்டு கத்திகள், கீழே தட்டக் கையில்லாத ஜனங்கள் குலவையிட்டுக்கொண்டு நின்றார்கள். பிள்ளையைத் தெய்வத்தின் காலடியில் கிடத்தினார்கள். சங்கா மரக்கத்தியை அவள் வயிற்றில் வைத்தார்.

“சொல்லும்மா.”

அவள் வாயைத் திறந்தாள், வாக்கியம் நாக்குநுனியில் தயாராக இருந்தது, நம்பிக்கையும் தயாராக இருந்தது. அப்போது பிள்ளை பசித்து அழுதது. அவள் மனசு அசையவில்லை, அது நன்றாகப் பழகியிருந்தது. ஆனால் மாரில் பால் சுரந்து, மார்த்துணி நனைந்து, வயிற்றில் வழிந்து, மரக்கத்தியின் மேல் சொட்டியது. நின்பந்தா குனிந்து அதைப் பார்த்தாள்.

“நான்தான் பெத்தேன்,” என்றாள்.

சங்கா மரக்கத்தியை இழுத்துப் பார்த்தார், தோலில் ஒரு கீறல்கூட விழவில்லை.

“இன்னொரு தரம் சரியா சொல்லும்மா. உம் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எத்தன தரம் கேட்டாலும் நான்தான் பெத்தேன் சாமி. வேற யாருக்கும் இதுல பங்கு இல்ல. அந்தக் கைகிட்ட கத்தியக் குடுக்கப் போறீங்க, அவ்வளவுதானே? குடுங்க. அந்தக் கைக்கு என்னையத் தெரியும்.”

கீழே நின்ற உர்மேஷ் கத்தினான், அவனைத் தோளாலும் முழங்கையாலும் இடித்துப் பிடித்துக்கொண்டார்கள்.

கத்தியைத் தாம்பாளத்தில் வைத்து, தாம்பாளத்தை அவள் முன்னால் ஏந்தினார்கள். கைகள் கத்தியைத் தொடவில்லை. வலக்கை மெல்ல எழுந்து அவள் கன்னத்தைத் தொட்டது, காதோரத்து மயிரை ஒதுக்கிவிட்டது, கழுத்தில் இறங்கி, தோளில் இறங்கி, இடக்கையும் வந்து சேர்ந்துகொள்ள, இரண்டும் அவள் இடுப்பைப் பிடித்தன. அவளுக்கு அந்தப் பிடி தெரியும். ஜனங்கள் குலவையை நிறுத்தினார்கள், சங்காவுக்கு முகம் வெளிறிவிட்டது, இத்தனை காலத்தில் முதல் தடவையாக அந்த ஊரில் எல்லோருக்கும், கைகள் கத்தியைத் தொடாமலே இருக்கட்டும் என்று, ஒரே ஆசை வந்தது.

“பாத்தீங்களா,” என்றாள் நின்பந்தா, சிரித்தாள்.

கைகளுக்கு அவளைத் தெரிந்துதான் இருந்தது. எந்த இடம் மெதுவானது, எங்கே எலும்பில்லை, எங்கே தொட்டால் அவள் மூச்சை உள்ளிழுப்பாள் என்று தெரிந்திருந்தது. இடக்கை அந்த இடத்தில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டியது, நல்ல தச்சன் மரத்தில் போடுவானே அப்படி, வலக்கை கத்தியை எடுத்தது. அவை நல்ல கைகள், ஒரு வேலையையும் பாதியில் விட்டதில்லை.

அவள் விழுந்ததும் ஜனங்கள் பழையபடி குலவையிடத் தொடங்கினார்கள், சங்காவுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. தூக்குவதற்கு யாரும் முன்வரவில்லை, பூசாரிகளுக்கு ரத்தத் தீட்டு, மற்றவர்களுக்குக் கையில்லை. வேலை முடிந்த கைகள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தரையில் விரல்களை ஊன்றி ஊன்றி நடந்து, பிள்ளையிடம் போய், ஒன்று தலைக்குக் கீழும் ஒன்று முதுகுக்குக் கீழும் கொடுத்து, அதைத் தூக்கி ஆட்டின. பிள்ளை அழுகையை நிறுத்தியது. வலக்கையின் கட்டைவிரலைப் பிடித்து, அதிலிருந்த ரத்தத்தோடு வாயில் வைத்துச் சப்பியது.

உர்மேஷைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள், அவன் இனி எங்கும் ஓட மாட்டான் என்று தெரிந்தது. பெண்டாட்டி அங்கே கிடந்தாள், அதை அவன் பார்த்தான், பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்தான். அதன் கனமும் சூடும், முதுகில் மூச்சு ஏறி இறங்குவதும் அவனுடைய உள்ளங்கைகளில், அங்கே தூரத்தில், அவனுக்குத் தெரிந்தது. எத்தனை லேசாக இருக்கிறது என்று நினைத்தான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.